கிரகணத்தன்று வந்த தந்தி

1

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவரான பேராசிரியருக்கு இந்த வருஷம் எழுபது நிறைகிறது. நாலெழுத்துப் படித்தவர்களெல்லாம் அறிந்த பெயர் அவருடையது. பதினைந்து வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடித் தகடு துடைத்துக்கொண்டிருக்கும் நான், தத்துவம், விஞ்ஞானம், வாழ்க்கை என்று அவர் அவ்வப்போது சொன்னவற்றைத் தொகுத்து மயிலாப்பூர் வாசகர்களுக்கு எழுத வேண்டுமாம். "முன்பு எழுதியது போலவே விறுவிறுப்பாக இருக்கட்டும்" என்கிறார் ஆசிரியர்.

அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து மேஜைக்குள் போட்டுவிட்டேன். முன்பு எழுதியதால் என்ன ஆயிற்று என்பது பாவம், அவருக்குத் தெரியாது. என் தங்கை ருக்குவுக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன் நான் எழுதிய ஒரு கட்டுரையால் அவள் கண்ணுக்கு வந்த ஆபத்தைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன். அப்பா இருக்கும்வரை இதை எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். போன மாதம் அப்பாவுக்கு வருஷாப்திகம் முடிந்தது. "இனிமே எழுதிக்கோ அண்ணா" என்று ருக்கு இரண்டே வரியில் கடிதம் போட்டிருக்கிறாள்.

பேராசிரியரின் பெயரை எழுத மாட்டேன். அவர் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வேண்டாம்.

இங்கே சீமையில் என் பிழைப்பு எப்படி என்று ஊரில் கேட்பவர்களுக்கு: காலையில் கம்பளிக் கோட்டுக்குள் நுழைந்துகொண்டு ட்ராமுக்கு ஓடுகிறேன். சாயங்காலம் அதே கோட்டோடு திரும்புகிறேன். நடுவில் பயப்படுகிறேன். பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களில் அப்படி ஒன்று கிடையாது என்றேன். கிடையாது என்று எழுத அவர்கள் படிவத்தில் இடமில்லையாம். கடைசியில் என் அப்பா பெயரை எழுதிக்கொண்டார்கள். லலிதா என்று நாங்கள் வைத்த பெயர் வாத்தியாரம்மா வாயில் நுழையாமல் லில்லி ஆயிற்று. இப்போது வாசலில் யார் கேட்டாலும் அவளே லில்லி என்கிறாள். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. ஒரு நாள் எதுவுமே புரியாமல் என் முகத்தைப் பார்த்து விழிப்பாளோ என்று எனக்குப் பயம். இந்தப் பயமெல்லாம் சில்லறை. பெரிய பயத்துக்கு வருகிறேன்.

2

சனிக்கிழமை நாலு மணிக்குப் பேராசிரியர் வீட்டில் தேநீர். ஆய்வுக்கூடத்தில் அவர் அதிகம் பேச மாட்டார். வீட்டில், கோப்பை கையில் வந்ததும், பேச்சு கொட்டும்.

விஞ்ஞானம் என்பது கேள்வியைச் சின்னதாக்கிக்கொள்ளும் வேலை என்பார். உலகம் ஏன் இருக்கிறது என்று கேட்டவன் கேட்ட இடத்திலேயே இன்னும் உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கம்பி எவ்வளவு சூட்டில் சிவக்கும் என்று கேட்டவன் பதிலோடு வீட்டுக்குப் போய்விட்டான். ஆனால் முதல் கேள்வியை அடியோடு மறந்தவன் ஆயுசு முழுக்கக் கம்பியையே பார்த்துக்கொண்டு செத்துப்போவான் என்றும் சொல்வார். வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், அது தனக்குத் தெரியாத துறை என்று சிரிப்பார். பிறகு அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசுவார்.

அந்த வருஷம் சித்திரையில் ஒரு சூரிய கிரகணம் வர இருந்தது. கிழக்கே கடல் தாண்டி முழுதாகத் தெரியும், சென்னையில் ஒரு பங்குதான் மறையும். பேராசிரியர் வாலிபத்தில் கிரகணம் பார்க்கவே கப்பலேறித் தீவு தீவாக அலைந்தவர். அன்றைய சனிக்கிழமை அவருக்கு ஒரே உற்சாகம். கிரகணம் வந்தால் பயந்தவன் கதவைச் சாத்திக்கொள்கிறான், பக்தன் கண்ணை மூடிக்கொள்கிறான், மூன்றாவதாக வெளியே வந்து பார்க்கிற ஒருவனால்தான் உலகம் ஓர் அடி நகர்கிறது என்றார். எனக்கு மெய் சிலிர்த்தது. அதற்குப் பிறகு கால்மணி நேரம் கண்ணாடித் துண்டை விளக்குச் சுடரில் காட்டிக் கரி ஏற்றுவது எப்படி, எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும், அதன் வழியாகக்கூட எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று விளக்கினார். அப்போது நான் அடுத்த கேக் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே உட்கார்ந்து கட்டுரை எழுதினேன். பேராசிரியர் சொன்னதோடு என் சரக்கையும் சேர்த்தேன். எங்கள் வீட்டுக் கிரகணம் ஞாபகம் வந்தது. மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. கிரகணத்தன்று அடுப்புப் பற்ற வைக்க மாட்டோம். ஊறுகாய் ஜாடி, பால், குடிதண்ணீர் எல்லாவற்றின் மேலும் தர்ப்பைப் புல் கிடக்கும். பிடிக்கும்போது ஒரு முழுக்கு, விடும்போது ஒரு முழுக்கு, நடுவில் அப்பா குளத்துப் படியில் தர்ப்பணம் பண்ணுவார். முற்றத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் சாணியோ மஞ்சளோ கரைத்த தண்ணீர் வைத்திருக்கும். சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது, அந்தத் தண்ணீரில் விழும் நிழலைத்தான் பார்க்கலாம் என்பது வழக்கம்.

அந்தத் தாம்பாளத்தை நான் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சாணித் தண்ணீரில் தேடுகிறோமே என்று ஒரு பத்தி முழுக்கக் கிண்டல். வெளியே வாருங்கள், அண்ணாந்து பாருங்கள் என்று முடித்தேன். எழுதிப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் போயிற்று. எதையாவது குறைக்க வேண்டும். தத்துவத்தில் கை வைக்க மனசு வரவில்லை. கரி ஏற்றும் சமாசாரம் வெறும் அடுப்பங்கரை வேலையாகத் தோன்றியது. அந்தப் பத்தியை அப்படியே அடித்துவிட்டேன்.

3

ருக்குவுக்கு அப்போது பதினாலு வயது. எனக்கும் அவளுக்கும் நடுவில் பதினைந்து வருஷம். அம்மா அவளைப் பெற்ற மறு வருஷமே போய்விட்டாள். அப்பாதான் வளர்த்தார். தெருவில் நாலு பேர் முணுமுணுத்தும் கேட்காமல் அவளை ஹைஸ்கூலில் படிக்க வைத்தார். படித்து வாத்தியாரம்மா ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. சொல்லப்போனால் நான் ஊருக்காக எழுதியதாகச் சொல்லிக்கொண்டாலும் அவள் ஒருத்திக்காகத்தான் எழுதினேன்.

கிரகணத்துக்கு மூன்று நாள் முன்னால் அவள் கடிதம் வந்தது. கப்பலில் மூன்று வாரம் மிதந்து வந்த கடிதம்.

"அண்ணா, நீ எழுதினதை அப்பா உரக்கப் படிச்சார். தாம்பாளத்தைப் பத்தி வந்தப்போ மூஞ்சியைச் சுளிச்சுண்டார், ஆனா உள்ளுக்குள்ளே சந்தோஷம். நான் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்தே பாக்கலாம்னு இருக்கேன். பயமாத்தான் இருக்கு. பாப்பேனோ மாட்டேனோ தெரியலை. நீ சொன்னதாச்சேன்னு ஆசையாவும் இருக்கு."

முதலில் எனக்குப் பெருமைதான் தோன்றியது. கடிதத்தை என் மனைவியிடம் நீட்டினேன். இடுப்பில் குழந்தையோடு அவள் படித்து முடித்தாள்.

"வெறுங்கண்ணாலயா பாக்கப் போறா? அந்தத் தாம்பாளத்தை ஏன் கிண்டல் பண்ணினேள்? அதுல பாத்தா கண்ணு கூசாதே, அதுக்குத்தானே வெச்சிருக்கா."

கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அண்ணாந்து பாருங்கள் என்று இருந்தது. எதன் வழியாகப் பார்க்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நான் விஞ்ஞானக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். மயிலாப்பூர் வீட்டில் படிக்காத வேலைக்காரிகூட ஒரு குழந்தையிடம் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

4

கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் பேராசிரியர் வீட்டுக்கு ஓடினேன். சனிக்கிழமை இல்லாத நாளில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. நடந்ததைச் சொன்னேன். கரி ஏற்றிய கண்ணாடி பற்றிய பத்தியை நான் அடித்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் பயந்து அன்றுதான் பார்த்தேன். அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் ஏறியது.

"அவளுக்கு என்ன வயது?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

பிறகு தம் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். வாலிபத்தில் இவரோடு கிரகணம் பார்க்க வந்தவர். முழுதாக மறைவதற்கு முன்னால், கொஞ்சம்தானே பாக்கியிருக்கிறது என்று வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறார். வலிக்கவே இல்லையாம். மறுநாள் காலையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் ஓரத்தில் எண்கள் இருந்தனவாம், நடுவில் முள்ளைக் காணோமாம். அதன்பின் ஆயுசுக்கும் அவருக்கு எதைப் பார்த்தாலும் ஓரம் தெரியும், நடு தெரியாது. வலிக்காது என்பதுதான் அதில் பயங்கரம் என்றார் பேராசிரியர்.

"நான் சொல்வதில் முதல் பாதியை எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள். கரி ஏற்றுகிற பாதிக்கு வரும்போது கோப்பையைத் தேடுகிறார்கள். தப்பு என்னுடையது. கரியில்தான் நான் ஆரம்பித்திருக்க வேண்டும்."

பத்திரிகைக்கு அவருடைய தத்துவம் வேண்டும் என்றால், பதினைந்து வருஷத்தில் நான் கேட்டது இதுதான். மற்றதெல்லாம் தேநீரோடு போனது.

உடனே தந்தி கொடு என்று என்னை விரட்டினார்.

5

தபாலாபீஸ் மூட அரைமணி இருந்தது. தாம்பாளத்தை மட்டும் அப்படியே வைத்து, மற்றதை இங்கிலீஷில் படிவத்தில் எழுதினேன்: "ருக்குவிடமும் எல்லோரிடமும் சொல்லவும். சூரியனைப் பார்க்க வேண்டாம். தாம்பாளத் தண்ணீர் போதும்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு தடவை படித்தார். என் முகத்தைப் பார்த்தார். நம் ஊரில் கிளர்ச்சியும் கைதுமாக இருந்த காலம் அது. இங்கே எங்களைக் கண்டாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள். ருக்கு யார், எல்லோரும் என்றால் எந்த எல்லோரும், சூரியன் என்று யாரைச் சொல்கிறாய், தாம்பாளம் என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரகசியச் செய்தி என்று நினைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் என் இங்கிலீஷ் கழன்று விழுந்தது. எட்டு வருஷமாகப் பேசுகிற பாஷை. கிரகணம் என்பதற்கு அதில் என்ன வார்த்தை என்று உயிரே போனாலும் வரவில்லை. நாளன்றைக்கு மறுநாள் சூரியனைப் பாம்பு விழுங்கப் போகிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான். படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மேலதிகாரி வந்தார். ஊர், விலாசம், வேலை, இந்தியாவில் எந்தச் சங்கத்தில் உறுப்பினன் என்றெல்லாம் கேட்டார். கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன். உள்ளூரில் மதிப்புள்ள ஒருவர் வந்து பொறுப்பேற்றால் பார்க்கலாம் என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்.

மறுநாள் இங்கே ஏதோ பண்டிகை, தபாலாபீஸுக்கு விடுமுறை. அதற்கடுத்த நாள் கதவு திறக்கும்போதே பேராசிரியர் குடையோடு வந்து நின்றார். மேலதிகாரி அவரைப் பார்த்ததும் எழுந்து கும்பிடாத குறைதான். ஐந்து நிமிஷத்தில் தந்தி போய்விட்டது. நியாயமாகக் கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மயிலாப்பூர் போயிருக்க வேண்டிய தந்தி, கிரகணத்தன்று காலையில்தான் போய்ச் சேரும்.

6

சென்னையில் காலை பத்து மணி என்றால் இங்கே அப்போதுதான் பொழுது விடிகிறது. என் மனைவி எழுந்து பச்சைத் தண்ணீரில் முழுகினாள். நானும் முழுகினேன். சிரிக்காதீர்கள். கிரகணம் தெரியாத தேசத்தில், நம்பிக்கை போய்ப் பத்து வருஷமான நான், பல் கிடுகிடுக்க உட்கார்ந்து விடும்வரை காயத்ரி ஜபித்தேன். நிழல் விழுவதற்கு ஒரு கணக்கு உண்டு என்பதும் தெரியும். அந்தக் கணக்கு ருக்குவின் கண்ணைக் காப்பாற்றாது என்பதும் தெரியும்.

மறுநாள் அப்பாவின் பதில் தந்தி வந்தது. தந்தி கிடைத்தது, எல்லோரும் சௌக்கியம். மூன்று வாரம் கழித்து, வரிகள் கோணலும் மாணலுமாக, ருக்குவின் கடிதமும் வந்தது. அன்றைக்கு ஒரே மேகமாகப் போய்விட்டதாம், ஒன்றுமே தெரியவில்லையாம்.

சித்திரையில், கத்தரி வெயில் கொளுத்துகிற நேரத்தில், மயிலாப்பூரில் மேகமா? எனக்கு ஒரு கணம் உறுத்தியது. ஆனால் பயந்தவனுக்கு மேகம் கிடைத்தால் விடுவானா? நம்பினேன். பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கிழவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எந்த மேடையில் பேசினாலும் கரி ஏற்றிய கண்ணாடியில்தான் ஆரம்பிப்பார். சென்னையில் ஒரு சிறுமியின் கண் மயிரிழையில் தப்பிய கதையைச் சொல்வார். கூட்டம் கைதட்டும். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் ருக்கு படிப்பை நிறுத்திவிட்டாள். பிடிக்கவில்லை என்கிறாள் என்று அப்பா எழுதினார். எனக்குக் கோபமான கோபம். இவ்வளவு பாடுபட்டுப் படிக்க வைத்தால் சோம்பேறித்தனமா என்று நாலு பக்கம் திட்டி எழுதினேன். அதற்கு அவள் பதில் போடவில்லை. அப்புறம் கல்யாணம் ஆகி ஆழ்வார்பேட்டைக்குப் போனாள்.

7

இரண்டு வருஷத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்தோம். தெருக்கோடியில் புது வீடுகள் வந்திருந்தன. மாம்பலத்தில் மனை வாங்கவில்லையா என்று கேட்காத ஆள் இல்லை. அப்பா தளர்ந்திருந்தாலும் வாய் தளரவில்லை. ருக்கு எங்களுக்காக வந்து தங்கியிருந்தாள். முதல் நாள் சாப்பாட்டில் அப்பா அந்தத் தந்திக் கதையை எடுத்தார். வருஷா வருஷம் எல்லோருக்கும் சொல்கிற கதையாம். எனக்கு மட்டும் யாரும் எழுதவில்லை.

"காலம்பர ஸ்நானத்துக்குக் கிளம்பிண்டிருக்கேன். தந்திக்காரன் வந்து நிக்கறான். 'சாமி, சீமையிலேர்ந்து வந்துகீது, பிரிச்சிப் பாரு சாமி'ங்கறான். கையெழுத்துப் போட்டு வாங்கிண்டேன். பிரிக்கலை. 'இன்னா சாமி, பிரிக்காம வெச்சிக்கினு கீறே'ன்னு அவனுக்கே ஆச்சரியம். சீமையிலேர்ந்து தந்தின்னா வேற என்னவா இருக்கும், சொல்லு. படிச்சேன்னா அந்த க்ஷணமே தீட்டு, தர்ப்பணம் போச்சு. படிக்காத வரைக்கும் தீட்டும் இல்லை, உனக்கும் ஒண்ணும் ஆகலை. பஞ்சாங்கத்துக்கு அடியிலே வெச்சுட்டுக் குளத்துக்குப் போயிட்டேன்."

எங்களில் அப்படித்தான். தூர தேசத்துச் சாவுக்குச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு. அப்பா அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். பிள்ளை செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே குளத்துப் படியில் இறங்கி, இரண்டு முழுக்கும் போட்டு, தர்ப்பணத்தையும் முடித்து, ஈர வேஷ்டியோடு வீட்டுக்கு வந்து பிரித்திருக்கிறார்.

"பிரிச்சா, சூரியனைப் பாக்காதேன்னு தந்தி" என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாம் பிரிக்காமல் வைத்திருந்ததால்தான் நான் பிழைத்தேன் என்பது அவர் கட்சி. ருக்குவும் கூடச் சிரித்தாள்.

மறுநாள் என் பெண் வந்து என்னிடம் இங்கிலீஷில் புகார் சொன்னாள். அத்தை தன்னோடு பேசும்போது தன் காதைப் பார்த்துப் பேசுகிறாளாம். தன் முகத்தில் என்ன கோளாறு என்று கேட்டாள்.

ஓரம் தெரியும், நடு தெரியாது. அன்று சாயங்காலம் ருக்குவைத் தனியாகச் சாந்தோம் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். மணலில் உட்கார்ந்ததும், அன்றைக்கு நிஜமாகவே மேகம்தானா என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் வேண்டாம் என்று இருந்தது.

"சித்திரையிலே ஏதுண்ணா மேகம்" என்றாள்.

அவள் பார்க்கவே நினைக்கவில்லையாம். முந்தின நாளே பயந்துபோய், தாம்பாளத்தில் மஞ்சள் கரைத்து முற்றத்தில் வைத்துவிட்டாளாம். அதிலேயே பார்த்துக்கொள்ளலாம், அண்ணாவுக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று இருந்தாளாம்.

"அப்பறம் தந்தி வந்துது. அப்பா மூஞ்சி வெளுத்துப் போச்சு. தொடாதேன்னு சொல்லிட்டுக் குளத்துக்குப் போயிட்டார். ஆத்துல நானும் அந்தத் தந்தியும்தான். கையில எடுத்தேன், பிரிக்கப் பயமா இருந்துது. நீ போயிட்டேன்னே நெனச்சுட்டேன். நீ என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் பண்ணாம இருந்துட்டேனேன்னு தாங்கலை. மாடிக்கு ஏறிட்டேன்."

நான் தந்தியே கொடுக்காமல் இருந்திருந்தால் அவள் தாம்பாளத்தில் பார்த்திருப்பாள். கண்ணைக் காப்பாற்ற என்று அழுது கெஞ்சி அனுப்பிய தந்திதான் அவளை மாடிப்படி ஏற்றியிருக்கிறது.

எவ்வளவு நேரம் பார்த்தாய் என்றேன்.

"நூறு எண்ணினேன். அழுகையிலே ரெண்டு தடவை எண்ணிக்கை விட்டுப் போச்சு. திரும்பவும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சேன்."

சாயங்காலம் புஸ்தகத்தைப் பிரித்தபோது வரிக்கு நடுவில் எழுத்து இல்லையாம். யாரிடமும் சொல்லவில்லை. கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் கல்யாணம் ஆகாது என்று பயம். அதைவிடப் பெரிய பயம் அப்பா. வந்தவுடனே பிரித்திருந்தால் என்று நினைத்து நினைத்து அவர் உருகிப் போய்விடுவார் என்று அவர்மேல் கரிசனம். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று சொல்லி நின்றுகொண்டாள். அப்பா பத்திரிகை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வாள். என் நாலு பக்கத் திட்டையும் அப்பாதான் அவளுக்கு வாசித்துக் காட்டினாராம். கல்யாணமான பிறகு புருஷனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். நல்ல மனுஷர். இப்போது என் கட்டுரைகளை அவர்தான் வாசித்துக் காட்டுகிறார்.

"இப்ப உன்னைப் பாத்தா தோள் தெரியறது, காது தெரியறது. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இல்லை. தலையைச் சாச்சா கொஞ்சம் தெரியறது" என்று தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இளைத்துவிட்டாய் என்றாள்.

8

இரண்டு வருஷமாகப் பேராசிரியரிடம் இதைச் சொல்லவில்லை. தங்கை எப்படி இருக்கிறாள் என்று சனிக்கிழமைதோறும் கேட்கிறார். சௌக்கியம் என்கிறேன். அவர் எழுபதாவது பிறந்த நாள் கூட்டத்திலும் அந்தக் கதையைச் சொல்வார், கை தட்டுவார்கள். அதற்குள் போய்ச் சொல்லிவிடப் போகிறேன். அவர் தாங்குவாரோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் ருக்குவிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது. அதற்குத்தான் அதைவிடப் பயம்.

கடற்கரையில் நான் இன்னொன்றும் கேட்டேன். சூரியனை அண்ணாந்து பார்த்தால் யாருக்கும் கண் தானாகத் திரும்பிக்கொள்ளுமே, நூறு எண்ணும்வரை எப்படித் தாங்கினாய் என்று.

"இமைக்காம பாருன்னு எழுதியிருந்தியே அண்ணா. அவ்வளவு பெரியவர் சொன்னதாச்சேன்னு இமைக்கலை" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ருக்கு, இதை உனக்கு மாப்பிள்ளை வாசித்துக்கொண்டிருப்பார். அந்த வார்த்தையை அந்தப் பெரியவர் சொல்லவே இல்லை. பாருங்கள் என்று மட்டும்தான் சொன்னார். வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே, தமிழில் கொஞ்சம் அழகாக விழட்டும் என்று இமைக்காமல் என்பதை நான்தான் சேர்த்தேன்.